றெக்கை கட்டும் கேள்விகள்

? வீட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள் என்கிறீர்களே, கதைதானே?
*ஒரு சந்தேகப் பிராணி, கும்பகோணம்*

சத்தியமாக இல்லை. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத்து 'வேன்ஸ்' கம்பெனியின் ஆர்வி வரிசையில் மட்டும் 11,000-க்கும் மேல் பறந்திருக்கின்றன. ஷெட்டுக்குள் இறக்கை, காருக்குத் தெரு. பக்கத்து ஆளே வேண்டுமென்றால் ஆலப்புழைக்காரர் அசோக் தாமரக்ஷன் இருக்கிறார். கொரோனா ஊரடங்கில் 'ஸ்லிங் டிஎஸ்ஐ' என்ற தென்னாப்பிரிக்க கிட்டை வரவழைத்து, இங்கிலாந்தில் தன் வீட்டு ஷெட்டில் கட்டத் தொடங்கினார். 2022-ல் குடும்பத்தோடு அதில் ஐரோப்பா சுற்றினார். நாமெல்லாம் அந்த ஊரடங்கில் டால்கோனா காபி கலக்கிக்கொண்டிருந்தோம்.

? கிட் வாங்கிப் பூட்டினால் 'சொந்தமாகக் கட்டியது' ஆகிவிடுமா?
*போடிநாயக்கனூர்*

அமெரிக்கச் சட்டப்படி பெரும்பகுதி வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும். அதுவும் படிப்புக்காக அல்லது பொழுதுபோக்குக்காக. இதை 51 சதவீத விதி என்பார்கள். ஆர்வி-7 ஒன்றை முடிக்க 1,500 முதல் 2,000 மணி நேரம் ஆகும். பொழுது நன்றாகவே போகும்.

? நான் வெல்டர். இத்தனை ஆயிரம் ரிவிட்டு எதற்கு? இறக்கையை ரெண்டு நாளில் வெல்டு வைத்துத் தருகிறேன்.
*ஓசூர்*

தருவீர்கள். அது ரெண்டாவது திருப்பத்தில் கழன்றுகொள்ளும். தகடு 2024-டி3 என்ற அலுமினியக் கலவை. சூடேற்றிப் பதப்படுத்தியதால் வந்த பலம் அது; உங்கள் டார்ச் பட்ட இடத்தில் அந்தப் பலம் போய்விடும், ஆறும்போது விரிசலும் விடும். போதாக்குறைக்குத் தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

ஆகவே ரிவிட்டுதான். முதலில் இறக்கையின் விலா எலும்புகளான ரிப்புகள் மேல் தகட்டைப் போர்த்தி, துளைக்குத் துளை கிளெகோ மாட்டுவார்கள். அது ஸ்பிரிங் வைத்த தற்காலிகப் பிடிப்பு. ஜாக்கெட்டுக்கு ஓட்டுத் தையல் போடுகிற மாதிரி. துளைகளைச் சரியான அளவுக்குத் துளைத்ததும் எல்லாவற்றையும் கழற்று! ஒவ்வொரு துளைக்கும் இரண்டு பக்கமும் பிசிறு எடு, ரிவிட்டின் தலை தகட்டோடு படிய உட்காருவதற்குக் குழி தட்டு, பிரைமர் அடி, மறுபடி பூட்டு. ரிவிட்டு அடிப்பது அதற்கப்புறம்தான். பிசிறு எடுப்பதைக் கழுத்தறுப்பு வேலை என்று எல்லோரும் திட்டுவார்கள், ஆனால் யாரும் விடமாட்டார்கள். பிசிறு நின்ற இடத்தில்தான் பிற்காலத்தில் விரிசல் பிறக்கும். லேசரால் வெட்டிய துளைகளில் குழி தட்டும்போது விரிசல் விட்ட விவகாரம் வேன்ஸ் கம்பெனியையே உலுக்கியது. மற்ற நஷ்டங்களும் சேர, 2023 டிசம்பரில் திவால் சட்டப் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. பிறகு மீண்டுவிட்டது.

? ரிவிட்டு அடிக்கக் கணவர் என்னைத் துணைக்குக் கூப்பிடுகிறார். போகலாமா?
*ஹூஸ்டன் வாசகி*

காதை நன்றாக மூடிக்கொண்டு போங்கள். வெளியே அவர் கையில் காற்றில் இயங்கும் ரிவிட் கன், உள்ளே உங்கள் கையில் ஒரு இரும்புக் கட்டை. அவர் தலையில் அடிக்க, வால் உங்கள் கட்டையில் மோதி நசுங்கும். நசுங்கிய பிறகு அதன் அகலம் ரிவிட்டின் தடிமனில் ஒன்றரை மடங்கு, உயரம் பாதி இருக்க வேண்டும். 2.4 மில்லிமீட்டர் ரிவிட்டு என்றால் அகலம் 3.6, உயரம் 1.2. சாய்ந்துவிட்டால் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடிக்க வேண்டும். ஒன்றை முதலிலேயே பேசிவையுங்கள்: நீங்கள் "ரெடி" சொல்லாமல் அவர் விசையைத் தொடக்கூடாது. உங்கள் "ரெடி"க்காக ஒரு ஆண்பிள்ளை வாய்மூடிக் காத்திருப்பதைப் பார்க்கவாவது போகலாம்.

? அவரேதான். பெட்ரோல் டேங்க் கசிகிறதா என்று பார்க்கக் கட்டிய பலூன் ராத்திரியில் சுருங்கிவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார்.
*அதே வாசகி*

கையை எடுக்கச் சொல்லுங்கள். டேங்க் என்பது இறக்கையின் முன்பகுதியேதான். சந்துகளையெல்லாம் அழுகிய முட்டை வாடையடிக்கும் கறுப்புப் பசையால் அடைத்திருப்பார். இரவில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், பலூனும் சுருங்கும். வெயில் ஏறியதும் திரும்பவும் உப்பினால் கவலை இல்லை. ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்கட்டும். ஆத்திரத்தில் கம்ப்ரசரை நேராக வைத்துவிடப் போகிறார்! ஒரு பிஎஸ்ஐ அழுத்தமே தாராளம்.

? முப்பது வருஷமாக எலக்ட்ரீஷியன். இறக்கைக்குள் வீட்டு ஒயரையே இழுத்தால் என்ன?
*மதுரை*

அண்ணே, உங்கள் ஒயர் சுவருக்குள் ஆடாமல் அசையாமல் கிடக்கிறது. இறக்கை சதா அதிரும். ஒற்றைக் கம்பி நாளடைவில் ஒடிந்துபோகும். அதனால் பல இழை ஒயர்தான். மேலுறையும் பிவிசி இல்லை, டெஃப்செல். பிவிசி எரிந்தால் தொண்டையை அடைக்கும் புகை வரும், ஆகாயத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓட முடியாது. முனையில் ஈயம் வைக்காமல் லக் போட்டு கிரிம்ப் பண்ணுவார்கள். ஈயம் இழைகளுக்குள் ஏறி விறைத்துக்கொள்ளும். விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் ஒடியும். ரிப்பின் துளை வழியாகப் போகும் இடமெல்லாம் வளையம் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகட்டு விளிம்பு உறையை அறுத்துவிடும். எந்த லோடுக்கு எந்தத் தடிமன் என்ற கணக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். வேகம் அளக்க உதவும் பிடாட் குழாயின் ஹீட்டர் ஒன்றே ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும்.

? இறக்கையே அலுமினியம். எர்த்தை அதிலேயே கொடுத்தால் பாதி ஒயர் மிச்சமாகுமே?
*கோவை*

கோவைக்காரர் என்று ஊர் போடாமலே தெரிந்திருக்கும். பல விளக்குகளுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் மின்சாரத் திசைகாட்டியின் உணர்வியைப் பலர் இறக்கை நுனியில் வைக்கிறார்கள். பக்கத்தில் தனி ஒயரில் நேர்மின்சாரம் ஓடினால் அதன் காந்தப்புலம் திசைகாட்டியைத் திருப்பிவிடும்; லைட் போட்டதும் வடக்கு நகரும். போகிற ஒயரையும் திரும்புகிற ஒயரையும் முறுக்கி ஓட்டினால் ஒன்றின் புலத்தை மற்றது அடித்துவிடும்.

? கீழ்த் தகட்டையும் அடித்து மூடிய பிறகு ஒரு ஒயர் விட்டுப்போனது நினைவுக்கு வந்தால்?
*நாகர்கோவில்*

மூடுவதற்கு முன்பே நெடுக ஒரு நெளி பிளாஸ்டிக் பைப்பும், அதற்குள் சும்மா ஒரு நைலான் கயிறும் விட்டுவைத்தவர் சிரிப்பார். ஒயரை இழுக்கும்போது கூடவே புதுக் கயிறு ஒன்றையும் இழுத்துவைப்பார், அடுத்த மறதிக்கு.

? இடது நுனியில் சிவப்பு, வலது நுனியில் பச்சை. எதற்கு?
*தூத்துக்குடி*

துறைமுகத்து ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? கப்பல் வழக்கம்தான். இருட்டில் உங்கள் வலப்பக்கம் சிவப்பும் இடப்பக்கம் பச்சையும் தெரிந்தால் ஒருவர் நேருக்கு நேர் வருகிறார். யோசிக்காமல் வலப்பக்கம் திரும்புங்கள்.

? மொட்டை மாடியில் கட்டலாமா?
*அம்பத்தூர்*

மும்பை காந்திவலியில் விமானி அமோல் யாதவ் கட்டினார். 2016-ல் 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில் வைக்க அதைப் பிரித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. 2017-ல் பதிவு எண் கிடைத்தது. அதுவரை விமானத்தைவிட ஃபைல்தான் அதிகம் பறந்தது.

? வரைபடத்தில் சின்னச் சின்ன மாற்றம் செய்தால் குடியா முழுகிவிடும்?
*வேலூர்*

பாடகர் ஜான் டென்வரைக் கேட்டிருக்கலாம். 1997 அக்டோபர் 12-க்கு முன்பு. அவர் ஓட்டியது வேறொருவர் கட்டிய லாங்-ஈஸி. டேங்க் மாற்றும் கைப்பிடியை விமானியின் கால்களுக்கு நடுவே வைத்திருந்தது வடிவமைப்பு. கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். கைப்பிடியை எட்ட உடம்பைத் திருப்பியபோது டென்வரின் கவனம் சிதறியது, கால் வலது ரடர் பெடலை அழுத்தியது, கட்டுப்பாடு போனது என்பது விசாரணையின் முடிவு. விமானம் கலிஃபோர்னியக் கரையோரக் கடலில் விழுந்தது. கட்டியவருக்கு அது சின்ன மாற்றம்தான்.

? கட்டும்போதெல்லாம் கிண்டல் செய்த மைத்துனரை முதல் பறப்பிலேயே ஏற்றிக்கொண்டு போகலாமா?
*நியூ ஜெர்சி*

முடியாது. அமெரிக்காவில் சோதனைக் காலம் பொதுவாக 25 அல்லது 40 மணி நேரம். அதுவரை பயணி ஏறக்கூடாது. அப்புறம் கூப்பிடுங்கள். ஏறும் இடத்தில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். உள்ளே, இது அமெச்சூர் கட்டியது, வழக்கமான விமானங்களுக்குரிய பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல என்ற அறிவிப்பும் கண்ணில் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.