நிர்வாகியின் அனுமதி

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்ட லயத்தில் ஒரு கூரைத் தகரத்தை மாற்றவும் தொரையிடம்தான் கேட்க வேண்டும். அந்த வீட்டுக்குள்ளே, நம்மிடம் அனுமதி கேட்கும் ஒரு கம்ப்யூட்டர்! 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு பரவிய நற்பழக்கம். எதையாவது நிறுவப்போனால் திரை மங்கும். மாற்றம் செய்ய அனுமதிப்பீர்களா என்று ஒரு பெட்டி பணிவாக வந்து நிற்கும். 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தபோதுகூட எங்களை யாரும் இப்படிக் கேட்டதில்லை.

அப்பா நெகிழ்ந்துபோனார். வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, வந்த பெட்டிக்கெல்லாம் 'ஆம்' தட்டினார். வாசிக்கவில்லை. கேட்டதே பெரிது, வாசித்து வேறு அவமதிப்பதா? விண்டோஸ் 7 இன்னும் பண்பானது. எத்தனை தடவை கேட்கட்டும் என்பதற்கே நான்கு படி வைத்திருந்தது. அப்பா உச்சிப் படியில் ஏற்றிவிட்டார்.

ஒரே வாரத்தில் உள்ளே ஏகப்பட்ட வைரஸ். பொங்கலுக்கு வந்த தம்பி எல்லாவற்றையும் துடைத்து, அப்பாவைச் சாதாரணப் பயனராக்கிவிட்டு கொழும்புக்கு பஸ் ஏறினான்.

பெட்டி இன்னும் வருகிறது. இப்போது நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கிறது.

"நிர்வாகம் எப்பவும் கொழும்புலதானே" என்கிறார் அப்பா, ஒழுகும் தகரத்துக்கடியில் வாளியை நகர்த்தியபடி.