தண்ணிக் காசும் பாத்டப்பும்

மார்ச் மாதம் வந்தால் தேசூரில் வெயிலுக்கு முன்னால் வீட்டுக்காரர்களுக்குத்தான் வேர்க்கிறது. நிதியாண்டு முடிவதற்குள் பாக்கியை வசூலித்தாக வேண்டும் என்று பேரூராட்சிக்கு மேலிடத்து நெருக்கடி. கட்டாதவர்களின் குடிநீர் இணைப்பு துண்டிக்கப்படும் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிக்கிறார்கள். நோட்டீஸைக் கையில் வாங்கிய வீட்டுக்காரர் ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு நடக்கிறார். அங்கே நாலு குடித்தனம்.

"இன்னாம்மா, தண்ணிய இப்படியா செலவு பண்ணுவீங்க? பில்லு ஏழாயிரத்துச் சொச்சம் வந்துக்குது!"

விடிந்ததிலிருந்து தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் நாடாவைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறார். எப்போது ஏழாயிரம் ரூபாய்க்குக் குளித்தோம்? அவர் மனைவிக்குக் குற்ற உணர்ச்சி. போன வாரம் பிள்ளையின் போர்வையைத் துவைத்தாளே, அதுவாக இருக்குமோ?

இந்த வீட்டுக்காரர் யார் என்று கேட்காதீர்கள். அவர் ஒருவர் அல்ல. ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டவர்களில் பாதிப் பேருக்கு இதே முகம்தான்.

இதில் ஒரு சின்ன விஷயத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நம் பேரூராட்சிகளில் வீட்டுக் குழாய்க்குப் பெரும்பாலும் மீட்டரே கிடையாது. மாதத்துக்கு ஒரே கட்டணம். ஒரு குடம் பிடித்தாலும் அதேதான், நூறு குடம் பிடித்தாலும் அதேதான். ஒரு மாதம் பூட்டிப் போட்டுவிட்டுத் திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டு வந்தாலும் அதேதான். மீட்டரே இல்லாத ஊரில் செலவு கூடியதால் பில் எப்படிக் கூடும்? எந்தப் போர்வையும் அந்த அதிசயத்தைச் செய்ய முடியாது.

அது பாக்கி, ஐயா. சுத்தமான, வருஷக்கணக்காக வளர்த்த பாக்கி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குடிநீர்க் கட்டணம் மாதம் 100 ரூபாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6 வருஷம் கட்டவில்லை என்றால் 7,200. இதே 6 வருஷமும் அவர் நாலு குடித்தனத்திடமும் 'தண்ணிக் காசு' என்று மாதம் தலா 100 வாங்கியிருந்தால்? 28,800. வாங்கியது 28,800, கட்டியது சைபர், இப்போது 7,200 ரூபாய் நோட்டீஸைப் பார்த்ததும் மயக்கம். மயக்கம் தெளிந்ததும் ஆளுக்கு 1,800 எடுத்து வைக்கச் சொல்கிறார். உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் இத்தனை லாபத்தை நஷ்டம் என்று சொல்லி அழுததில்லை.

மோட்டார் காசு தனிக் கதை. ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. தினம் ஒரு மணி நேரம் ஓடுகிறது, தாராளமாக ஒரு யூனிட் என்றும், யூனிட் 10 ரூபாய் என்றும் வைத்தாலும் இரண்டு மாதத்துக்கு 600 ரூபாய். நாலு வீட்டில் மாதம் 200 வீதம் வாங்கினால் அதே இரண்டு மாதத்தில் வருவது 1,600. மீதி ஆயிரம் எந்தத் தொட்டியில் ஏறியது? அதோடு விடுவதில்லை. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் இலவசம். கைத்தறிக்குத் தரும் இலவசத்தை 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தினார்கள். இவை எல்லாம் இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. சப்மீட்டரில் குடியிருப்பவருக்கு முதல் யூனிட்டிலிருந்தே காசு. அரசு கொடுத்த இலவசத்தைச் சில்லறையில் விற்கும் கடை ஒன்று ஒவ்வொரு லைன் வீட்டு வாசலிலும் இருக்கிறது. ஜிஎஸ்டி கூடக் கிடையாது.

தண்ணீர் வீணாகவில்லை என்று நான் சொல்லவில்லை. வீணாகிறது, ஆனால் அவர் தேடும் இடத்தில் இல்லை. மொட்டை மாடித் தொட்டியில் மிதவை வால்வு செத்துப் பல காலம். மோட்டாரைப் போட்டுவிட்டு அவர் சீரியலில் உட்கார்ந்தால் தொட்டி நிரம்பிச் சுவரோரம் வழிகிறது. அந்த ஈரத்தில் அரசஞ்செடி ஒன்று முளைத்து, வேர் பிடித்து, வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. கழிவறைக்குப் பின்னால் ஒரு பைப் ஜாயின்ட்டில் நூல் பருமனுக்கு ஒழுகல். நிமிஷத்துக்கு 100 மில்லி என்றாலும் ஒரு நாளைக்கு 144 லிட்டர், மாதத்துக்கு 4,320. சாக்கடை வசதி இல்லாத ஊர்களில் குழாய்த் தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 70 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. அந்த ஒரு ஒழுகலே இரண்டு பேரின் பங்கைக் குடித்துவிடுகிறது. ஆனால் ஜாயின்ட்டை யாரும் விசாரிப்பதில்லை. விசாரணையெல்லாம் பின்கட்டுப் பெண்களிடம்: "உங்க வூட்டுக்கு யாரோ வந்து ரெண்டு நாளா தங்கிக்கிறாங்களே?"

மாமியார் வந்தால் தண்ணீருக்கு அபராதம். பிள்ளை பிறந்தால் வாடகை உயர்வு. பெரிய பெண் தலைக்குக் குளிக்கும் கிழமை வரைக்கும் இவருக்குத் தெரியும். தன் சொத்து வரிக்குக் கடைசி நாள் எது என்பது மட்டும் தெரியாது.

பேரூராட்சியைச் சும்மா விடலாமா? 6 வருஷம் பாக்கி சேருகிறவரை தூங்கிவிட்டு, மார்ச்சில் எழுந்து குழாயைத் துண்டிக்கிறார்கள். துண்டித்தால் யாருக்குத் தண்டனை? வீட்டுக்காரர் முன்கட்டில் சொந்த போர்வெல்லோடு இருக்கிறார். நாக்கு வறள்வது பின்கட்டுக்கு. தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீடு எது என்று தெருவில் விளையாடும் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆபீசுக்கு மட்டும் தெரிவதில்லை.

அமெரிக்காவிலும் இதே நியாயம்தான். டெட்ராய்ட் நகரத்தில் 2014இல் பில் பாக்கிக்காக ஆயிரக்கணக்கான வீடுகளின் தண்ணீரை நிறுத்தினார்கள். கட்ட முடியாதவனின் தண்ணீரை நிறுத்துவது மனித உரிமை மீறல் என்று ஐ.நா. வல்லுநர்கள் சொன்னார்கள். இங்கே நிலைமை ஒரு படி மேல். கட்டியவனின் தண்ணீரை நிறுத்துகிறோம்.

சட்டம் இல்லையா என்பீர்கள். பேஷாக இருக்கிறது. 2017இல் நிறைவேறி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம். வாடகைக்கு இருப்பவருக்குத் தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதியை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. புகார் சொல்ல, துணை ஆட்சியர் தகுதிக்குக் குறையாத அதிகாரி ஒருவர் உண்டு. நூறு ரூபாய் தண்ணிக் காசுக்கு ஒரு நாள் தறியை நிறுத்தி, பஸ் ஏறி, அந்த அதிகாரியின் வாசலில் நிற்க வேண்டும். திரும்பி வருவதற்குள் சட்டி பானை தெருவில் இருக்கும்.

யார் எதை ரிப்பேர் செய்ய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது. பைப்பை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாயும் அதன் வாஷரும் குடியிருப்பவர் பொறுப்பு. நியாயம்தான். அதோடு குடியிருப்பவர் தலையில் இன்னொன்றையும் வைத்திருக்கிறார்கள்: பாத்டப் ரிப்பேர். கீசரும் உண்டு. நாலு குடும்பத்துக்குத் தாழ்ப்பாள் இல்லாத ஒரே குளியலறை இருக்கும் லைன் வீட்டில் பாத்டப்பைப் பழுது பார்க்கும் கடமையை நெசவாளிக்குக் கொடுத்திருக்கிறது அரசு. கோட்டையில் உட்கார்ந்து எழுதியவர் எந்த ஊர் வாடகை வீட்டைப் பார்த்து எழுதினாரோ!

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த அதே 2019இன் கோடையில்தான் சென்னையில் ஏரிகள் வற்றின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயில் ஏறிப் போனது. முதல் ரயிலுக்கு மாலை மரியாதை, அமைச்சர்கள் வரவேற்பு. தலைநகரத்துக்குத் தாகம் எடுத்தால் வட ஆற்காட்டுத் தண்ணீருக்குத் தண்டவாளம் கிடைக்கிறது. வட ஆற்காட்டுக்காரன் பின்கட்டில் காலிக் குடத்தோடு நின்றால், "நீ நிறைய குளிக்கிறே" என்கிறார்கள்.

குடியிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த மார்ச்சில் வீட்டுக்காரர் நோட்டீஸோடு வந்தால் பயந்து துணியை எண்ணாதீர்கள். நாலு குடித்தனமும் ஒன்றாக நின்று இரண்டைக் கேளுங்கள்: அந்த நோட்டீஸில் எந்த வருஷத்திலிருந்து பாக்கி என்று போட்டிருக்கிறது? இதுவரை நாங்கள் கொடுத்த காசைக் கட்டியதற்குப் பேரூராட்சி ரசீது எங்கே? ஒருவர் தனியாகக் கேட்டால் வீட்டைக் காலி செய் என்பார். நாலு பேரையும் ஒரே நாளில் காலி செய்யச் சொன்னால் நாலு அட்வான்ஸையும் ஒரே நாளில் திருப்பித் தர வேண்டும். அந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரியும்.