சோக் கம்பி ஏன் சுட்டுச்சு?

வாப்பு, வா. விடியக்காலம் அஞ்சரைக்கு வீடியோவுல கூப்புடுறவன் ஒண்ணு கடன் கேக்குறவனா இருப்பான், இல்ல எதையாவது ஒடைச்சவனா இருப்பான். ஒன் மூஞ்சியப் பாத்தா ரெண்டும் சேந்தாப்புல இருக்கு. டெக்சாஸ்ல இப்ப ராத்திரி ஏழு மணியா? இங்க கற்பக விநாயகருக்கு இனிமேதான் நடை தெறக்கணும். அவரையே முந்திக்கிட்டு ஒன் ஏரோப்பிளேனைப் பாக்கச் சொல்ற. சரி, போனை அந்த இன்ஜின் பக்கம் திருப்பு.

மூணு வருசமா கார் செட்டுல குந்தி, ரிவிட் அடிச்சு அடிச்சு ஏரோப்பிளேன் செஞ்ச பய நீ. பிள்ளையார்பட்டி டீக்கடையில நான் அளக்காத அளப்பில்ல. செட்டிநாட்டுல வெள்ளைக்காரன் ரெண்டாம் உலகப் போருக்குப் போட்ட ஓடுபாதையில என் பேரன் வந்து எறங்கப் போறான்னுகூட அளந்து வச்சிருக்கேன். அது இன்னும் கெளம்பவே மாட்டேங்குதுங்கிறத மட்டும் யாருகிட்டயும் சொல்லல.

ஸ்டார்ட்டர் போயிருச்சுங்கிற. எப்புடிக் கண்டுபுடிச்சன்னு கேட்டா, "புதுசு ஆர்டர் போட்டுட்டேன் ஐயா"ங்கிற. நல்லாருக்கு! நாடி புடிச்சுப் பாக்குறதுக்கு முந்தியே பாடைக்கு மூங்கில் வெட்டப் போன கதை.

நான் நாப்பது வருசம் ஆயில் இன்ஜினோட மாரடிச்சவன். குன்றக்குடியில இருந்து திருப்பத்தூர் வரைக்கும் எவன் கெணத்து மேட்டுல எந்த இன்ஜின் இருமுனாலும் ஸ்பானரத் தூக்கிக்கிட்டு நாந்தான் போவேன். போன ஒடனே கழட்ட மாட்டேன். என்ன சத்தம் வந்துச்சுன்னு கேப்பேன். ஒரே ஒரு 'டிக்'கோட நின்னா, சோலனாய்டு எந்திரிச்சிருச்சு, அதுக்குப் பொறவு போகவேண்டிய பெரிய கரண்டு போகலைன்னு அர்த்தம். 'டிக்டிக்டிக்'னு பல்லி மாதிரி கத்துனா பேட்டரி பட்டினி. சோலனாய்டு இழுக்கும், வோல்ட்டு விழும், விட்டுரும், மறுபடி இழுக்கும். 'விர்ர்'னு ஸ்டார்ட்டர் மட்டும் ஓடிக் காத்தாடி சும்மா நின்னா, ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கிளட்சு வழுக்குது. ஒனக்கு எது கேட்டுச்சு?

ஹெட்போன் போட்டிருந்தியா! பாட்டா?

கேளுப்பு. தொடுபுழாப் பக்கம் சஜி தாமஸ்னு ஒருத்தர், பொறவியிலேயே காது கேக்காது, பேச்சும் வராது. அவரு தன் கையாலேயே ஒரு சின்ன ஏரோப்பிளேன் கட்டி, அது 2014-ல நம்ம அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம் மணிமுத்தாறுல பறந்துச்சு. அவரு கையை வச்சுப் பாத்தே இன்ஜினோட நாடியப் புடிச்சிருப்பாரு. ஒனக்கு ஆண்டவன் ரெண்டு காதைக் குடுத்திருக்கான், அதுல நீ பாட்டப் போட்டு அடைச்சிருக்க.

சரி, மறுபடி அமுத்து, கேப்போம். போதும், போதும், விடு! பத்து செகண்டுக்கு மேல அமுத்தாத, அப்புறம் ரெண்டு நிமிசம் ஆறவிடுன்னு அந்த ரோட்டாக்ஸ் புத்தகத்துலேயே போட்டிருக்குன்னு நீதான போன மாசம் படிச்சுச் சொன்ன? சதுர்த்திக்கு முக்குறுணி மோதகம் வேகுற மாதிரியா அமுத்திக்கிட்டே நிப்ப?

'டிக்'குங்குது, பொறவு 'லொடக்... லொடக்'னு ஆச்சி படியேறுற மாதிரி சுத்துது. சுத்துதுல்ல, பொறவு ஏன் பத்தலைங்கிறியா? ஒன் 912-க்கு இன்ஜின் நிமிசத்துக்கு 220 சுத்தாவது சுத்துனாத்தான் பொறியே வரும். நீ பாக்குற காத்தாடிக்கும் இன்ஜினுக்கும் நடுவுல பல்சக்கரம் இருக்கு, இன்ஜின் 2.43 சுத்து சுத்துனா காத்தாடி ஒரு சுத்து. அப்ப காத்தாடி 90 சுத்தாவது சுத்தணும். ஒரு செகண்டுக்கு ஒண்ணரைச் சுத்து. இது அதுல பாதிகூட இல்ல. ஒன் ஸ்பார்க் பிளக்கு தூங்குது. அதைக் கழட்டிக் கழட்டித் தொடைச்சிருப்பியே? தெரியும்.

என்னது, கையாலேயே காத்தாடியத் தள்ளி விட்டுப் பாக்கட்டுமாவா? அந்த 90 சுத்து ஒன் கைக்கு வராது, மொதல்ல அது. ரெண்டாவது, ஆயில் இன்ஜினுக்கு ஹேண்டில் போடயில கட்டைவிரலை மடக்கிப் புடிக்கக் கூடாது, மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வச்சுக்கணும்னு எங்க மேஸ்திரி மண்டையில கொட்டிக் கொட்டிச் சொல்லுவாரு. இன்ஜின் திருப்பி ஒதைச்சா விரலு போயிரும். 1912-ல கெட்டரிங்குங்கிறவரு கேடிலாக் காருக்குக் கரண்டு ஸ்டார்ட்டர் மாட்டுனதே இந்த ஒதைக்குப் பயந்துதான். காத்தாடி ஒதைச்சா விரலோட நிக்காதுப்பு. மத்த ஊருப் பிள்ளையாருக்கு நாலு கை. நம்ம ஊருப் பிள்ளையாருக்கே ரெண்டுதான், ஒனக்கும் அம்புட்டுத்தான்.

பேட்டரி 12.6 வோல்ட்டு காட்டுதா? நல்லது. சந்தையில மாடு சும்மா நிக்கயில எல்லாமே நல்ல மாடுதான், நுகத்தடி வச்சாத்தான் தெரியும். ஸ்டார்ட்டர் சுத்தயில எம்புட்டுன்னு பாத்தியா? 11.4-ஆ? அப்ப மாடு நல்ல மாடு. வண்டியிலதான் கோளாறு.

அது இருக்கட்டும். முந்தாநாளு என்னமோ சொன்னியே, சோக் கம்பியத் தொட்டா சுடுது, பிளாஸ்டிக் வாடை வருதுன்னு? இன்ஜினே ஓடல, கம்பி எதுல சுட்டுச்சு? வெயிலுங்கிற. டெக்சாஸ் வெயிலு அந்த ஒரு கம்பியை மட்டுந்தான் தேடி வந்து சுட்டுச்சாக்கும்.

கரண்டு போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். ஸ்டார்ட்டருக்குச் செவப்பு ஒயரு தடியா போட்ட, சரி. திரும்பி வர்ற பாதை எது? இன்ஜின் பாடி. ஆனா இன்ஜின் நிக்கிறது ரப்பர் மேல. ரப்பர்ல கரண்டு வராது. அதுக்குத்தான் இன்ஜின்ல இருந்து பாடிக்கு ஒரு எர்த் பட்டை. அந்தப் பட்டை சரியில்லைன்னா கரண்டு சும்மா இருக்காது. வாசல் அடைச்ச வீட்டுல கொல்லைப்பக்கமா நொழையிற கள்ளன் மாதிரி, சோக் கம்பி, ஆக்சிலேட்டர் கம்பின்னு கெடைச்ச இரும்பு வழியா வரும். பிரேக் கம்பி தடிமன்ல இருக்கிற அது 100 ஆம்பியரைத் தாங்குமா? அதான் சுடுது.

இப்ப மீட்டரை எடு. இரு, அவசரப்படாத. சக்கரத்துக்குக் கட்டை குடு, வாலைக் கட்டு. பெட்ரோலை அடை. இக்னீசன் சுவிட்சு ரெண்டையும் அணை. அணைச்சாலும் நம்பாத, அது வீட்டு லைட்டு சுவிட்சு மாதிரி இல்ல, அணைச்சா ஒயரை எர்த்தோட சேக்குது. நடுவுல அந்த ஒயரு அந்துபோச்சுன்னா சுவிட்சு 'ஆப்'புல நிக்கும், இன்ஜின் உசுரோட இருக்கும். அதனால மீட்டரப் புடின்னு ஒன் பொஞ்சாதியக் காத்தாடிப் பக்கம் நிறுத்தாத. கவ்வுற கிளிப்பு போட்டு, ஒயரை நீளமா இழுத்து, மீட்டரை உள்ள ஒன் மடியில வச்சுக்க. ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, இன்னொண்ணு இன்ஜின் பாடியில. அமுத்து.

எம்புட்டு? 2.3-ஆ! அங்க கால் வோல்ட்டுக்கு மேல நிக்கவே கூடாதுப்பு. ஸ்டார்ட்டர் 100 ஆம்பியர் இழுக்குதுன்னு வையி, ஒரு ஓம்ல அம்பதுல ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட்டு காணாமப் போயிரும். அந்தத் தடை எங்க இருக்கு? அந்தப் பட்டை முட்டுற எடத்தைக் காட்டு. இன்னும் கிட்டக்க.

அடடா! என்ன பெயிண்டு, என்ன பெயிண்டு! செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துக்கு முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தேச்ச மாதிரி மின்னுது. என் மூஞ்சியே தெரியுது. பெயிண்டு அடிச்சு முடிச்சுட்டுத்தான அதுக்கு மேல பட்டையோட முனை லக்கை வச்சு முறுக்குன? அழகா இருக்கட்டும்னா? நெனைச்சேன். கல்யாணப் பொண்ணுக்கு வாயிலயும் சேத்துச் சந்தனம் பூசிட்டு, சாப்புட மாட்டேங்குறான்னு வைத்தியரைக் கூப்புட்டிருக்க.

பேட்டரியோட மைனஸை மொதல்ல கழட்டிரு. பொறவு போல்ட்டு. உப்புத்தாளை எடுத்து, லக்கு குந்துற அளவுக்கு வட்டமாத் தேய்யி. சாம்பல் நெறம் வந்தாப் போதாது, வெள்ளி மாதிரிப் பளிச்சுனு வரணும். லக்கோட அடியையும் தேய்யி. பல்லு வச்ச வாஷர் இருக்குல்ல, அதைப் போட்டு முறுக்கு. அதுக்குப் பொறவு மேல லேசா வாசலீன் தடவு, துரு ஏறாது. இந்தா, நான் போயி ஒரு கும்பிடு போட்டுட்டு வந்துடுறேன்.

...

ம், சொல்லு. 0.1-ஆ? சோக் கம்பி? சுடலையா? இக்னீசனைப் போட்டுப் பாத்தியா? அட, இங்க வரைக்கும் கேக்குதுப்பா! இன்ஜின்ல இருந்து தூரமாப் புடி போனை, அப்பத்தா எந்திரிச்சிருவா.

அந்தப் புது ஸ்டார்ட்டரைத் திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டானா? எம்புட்டுன்ன? மெதுவாச் சொல்லுடா. அம்புட்டுக்கு எத்தனை கறவை மாடு வரும்னு அவ கணக்குப் போட ஆரம்பிச்சா, எனக்கு இன்னிக்குக் காப்பி கெடைக்காது.