சமாதானம் சார்

ஆபீசில் இரண்டு பேர் முறைத்துக்கொண்டால் போதும், நடுவில் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். சமாதானம் சார் வந்துவிட்டார். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டோ, ஓசூர் சிப்காட்டோ, இவர் இல்லாத கம்பெனி கிடையாது.

ஏசியை 18-இல் வைக்கிற பையனுக்கும், 26-க்கு ஏற்றுகிற பெரியவருக்கும் தகராறா? பெரியவரை முதலில் டீக்கடைக்குத் தள்ளிக்கொண்டு போவார். "நியாயம் உங்க பக்கம்தாண்ணே. சின்னப் பையன், விட்டுக்குடுங்க." அடுத்த டீ பையனோடு. "நீ சொல்றதுதான் கரெக்ட் தம்பி. ரிட்டயர் ஆகப்போறவரு, விட்டுப் பிடி." இரண்டு டீக்கும் காசு வாதி, பிரதிவாதி பொறுப்பு. சாயங்காலம் பார்த்தால் ரிமோட் சாரின் டிராயருக்குள் இருக்கும். அவருக்கு 22 தான் ஒத்துக்கொள்ளும்.

20 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் தொழிற்கூடங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், அதில் சரிபாதி தொழிலாளர் தரப்பு இருக்க வேண்டும் என்று 2010-இல் தொழில் தகராறு சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கும் குழு உண்டு. ஆடிட் வருகிற வாரம் கூடும். சமோசா தீர்ந்ததும், "குறை ஏதும் இல்லை" என்று முத்து முத்தாக மினிட்ஸ் எழுதுவார் சார். மற்றபடி எழுத்தே அவருக்கு ஆகாது. "எழுதிக் குடுத்துடாதீங்க, ஃபைலுக்குள்ள போயிட்டா நம்ம கையில இல்ல."

பைக் நிறுத்துகிற சண்டை, கான்டீன் வரிசைச் சண்டை இதிலெல்லாம் மனிதர் கில்லாடி; ஹெச்.ஆர். மெயில் மேல் மெயில் போட்டும் தீராததைத் தீர்த்திருக்கிறார். சிக்கல் என்னவென்றால், எல்லாமே அவருக்கு பைக் சண்டைதான். சூப்பர்வைசர் அசிங்கமாகப் பேசுகிறார் என்று ஒரு பெண் சொன்னதற்கும், "நல்ல மனுஷன்மா, வாய்தான் அப்படி, வா, ஒரு டீ சாப்பிடலாம்" என்றார். பாதிக்கப்பட்ட பெண்ணே கேட்டாலொழிய சமரசப் பேச்சு கூடாது என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் வருடச் சட்டம். அந்தப் பெண் டீக்குப் போகவில்லை. நேரே உள்ளகப் புகார் குழுவுக்குப் போனார். சாருக்கு இன்னமும் அதில் வருத்தம்.

போனஸ் தகராறு முற்றி, சமரச அதிகாரி முன்னால் ஒப்பந்தம் போட லேபர் ஆபீசுக்குப் போனால் அங்கேயும் வந்துவிடுவார். நிர்வாகத்தின் காதில், "கொஞ்சம் ஏத்திக் குடுத்துடலாம் சார்." யூனியன்காரர் காதில், "கொஞ்சம் இறங்கி வாங்க தோழர்." பொறுத்துப் பார்த்த அதிகாரி கேட்டேவிட்டார்: "நீங்க எந்தத் தரப்பு?"

"தரப்பெல்லாம் இல்லீங்க. எம்.டி. கார்ல ஒரு சீட் காலியா இருந்துச்சு, வந்தேன்."