மருமவனுக்கு மீட்டர் காய்ச்சல்

ஏன் மருமவனே, கட்டிலைத் தூக்கித் திண்ணையில போட்டுட்டியாமே? மீட்டர் பொட்டி இருக்குற செவுத்துப் பக்கம் தலை வச்சா மூளை உருகிடும்னு சொன்னியாம். எம்மவ சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. நான் சிரிக்கல. உருகற அளவுக்கு உள்ள இருக்குதேன்னு சந்தோசப்பட்டேன்.

அந்தச் செவப்பு லைட்டு ராத்திரியெல்லாம் உன்னையே மொறைக்குதுங்கிற. அது மொறைக்கல, எண்ணுது. ஒரு யூனிட்டுக்கு எத்தினி தடவை மின்னும்னு பொட்டி மேலயே அச்சடிச்சிருக்கான். அந்தப் பொட்டி எந்த ஊருக்கும் சேதி அனுப்புறது கெடையாது. அனுப்புமா இருந்தா, கணக்கெடுக்குற தம்பி எதுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வெயில்ல வந்து நம்ம நாய்கிட்ட கடி வாங்கப் பாக்குறான்?

சேதி அனுப்புறது ஸ்மார்ட் மீட்டரு. சென்னை தி.நகர்ல லட்சத்துக்கு மேல மாட்டிட்டாங்க. தமிழ்நாடு முழுக்க மூணு கோடிக்கு மேல மாட்டுறதா டெண்டர் விட்டு, வந்த வெலையைப் பாத்துட்டு 2024 டிசம்பர் கடைசியில ரத்து பண்ணாங்க. அந்த ஸ்மார்ட் மீட்டரும் செல்போன் பேசுற அதே ஜாதி அலையிலதான், விட்டு விட்டுக் கொஞ்ச நேரம் பேசும். செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்குறதுக்குப் பயந்து கட்டிலை மாத்துன. ராத்திரி முழுக்க ரீல்ஸ் பாத்த போனைத் தலைகாணிக்கு அடியில செருவிக்கிட்டுத் தூங்குற. கெட்டிக்காரன்தான்.

புத்துநோய்னு யாரோ சொன்னாங்களா? சொன்னது பொய்யில்ல. உலக சுகாதார அமைப்போட புத்துநோய் ஆராய்ச்சி முகமை 2011-ல ரேடியோ அலையை '2பி'ங்கிற வரிசையில வச்சுது. வந்தாலும் வரலாம், சாட்சி பத்தலங்கிற வரிசை அது. எம்பேத்தி போன்ல எடுத்துப் படிச்சுக் காட்டுனா. கத்தாழை முழு எலைச் சாறும் அதே வரிசையில குந்தியிருக்குதாம். அதுக்கு மேல '2ஏ'. அதுல வெறகுப் பொகை இருக்குது. கேஸ் தீந்து போச்சுன்னு எம்மவளை மூணு வேளையும் அடுப்பு ஊத வைக்கிறியே, அந்தப் பொகைதான். எல்லாத்துக்கும் மேல, சந்தேகமே இல்லாத மொத வரிசை. இப்ப உங்கன்னத்துல அதக்கியிருக்குற பாக்கு, பொகையில ரெண்டும் அங்கதான். துப்பாத, சும்மா கேளு.

சாராயமும் அந்த மொத வரிசைதான். அதை வச்சு மட்டும் நான் நையாண்டி பண்ண மாட்டேன். 2024 ஜூன்ல கருணாபுரத்துல மெத்தனால் சாராயம் குடிச்சுத் தெருத்தெருவாப் பொணம் கெளம்புனதைப் பாத்த ஊரு இது.

சரி, உன் காய்ச்சலுக்கு வருவோம். மீட்டரு ஒடம்புக்கு ஆவாதுன்னு மனு எழுதப் போறியாமே. எழுது. ஆனா எதை எழுதணுமோ அதை எழுது. 2021 தேர்தல்ல மாசாமாசம் கணக்கெடுக்குறோம்னாங்களே, ரெண்டு மாசத்தை ஒண்ணாக் கூட்டி மேல் படிக்கட்டு ரேட்டுல போடுறானே, அது எப்பன்னு கேளு. புதுப் பொட்டி தப்பாக் காட்டுனா யாரு சரிபாப்பான்னு கேளு. நானும் கைநாட்டு வைக்கிறேன்.

இன்னொண்ணு காதோட சொல்றேன். அந்த ஸ்மார்ட் மீட்டர் திட்டத்துல வீட்டுக்கு மட்டுமில்ல, டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு மீட்டரு உண்டு. அங்க எவ்ளோ போச்சு, வீடுவீடா எவ்ளோ பதிவாச்சுன்னு கூட்டிக் கழிச்சா, எந்தத் தெருவுல கொக்கி தொங்குதுன்னு ஆபீஸ்ல குந்திக்கிட்டே தெரிஞ்சிக்குவான். கல்வராயன் மலையிலேருந்து பன்னி எறங்குதுன்னு உன் மரவள்ளிக் கொல்லையைச் சுத்திக் கம்பி இழுத்திருக்கியே, அதுக்குக் கரண்ட் எந்த மீட்டர்ல ஓடுது மருமவனே? நானும் கட்டில்ல படுத்துக்கிட்டே யோசிக்கிறேன், எனக்கு ஒண்ணும் வெளங்க மாட்டேங்குது.

பன்னி சாவுறதுக்கு மின்ன, இருட்டுல வரப்புல ஒதுங்கப் போற மனுசன் சாவான். அப்பிடிச் செத்துருக்காங்க, வேலி போட்டவனே மிதிச்சும் செத்துருக்கான். மூளை உருகறதுக்கெல்லாம் அங்க நேரமே கெடையாது.

மனுவை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில ஈ.பி. ஆபீசுக்குப் போவலாம், நானும் வர்றேன். போற வழியில கொல்லைப் பக்கம் வண்டியை நிறுத்து. கொக்கியைக் கழட்டுறது நீ. நான் தள்ளி நின்னு பாத்துக்குறேன், கம்பியில கரண்ட் இருக்குதா இல்லியான்னு உனக்குத்தானே தெரியும்.