நாகல் நகரிலிருந்து ஒரு நகல் மனு

அனுப்புநர்: தறியை விட்டு இறங்கிய ஒரு நெசவாளி, நாகல் நகர் ('நா'வுக்குத் துணைக்கால் உண்டு), திண்டுக்கல்.

பெறுநர்: மாட்சிமை பொருந்திய பதிவறை அவர்கள். (அலுவலகத்தின் பெயரைச் சொன்னால், தங்களையும் சேர்க்கவில்லையே என்று மற்ற அலுவலகங்கள் மனம் வருந்தக்கூடும் என்பதால் விடப்பட்டது.)

பொருள்: பூட்டனாரின் தகப்பனாரைக் கண்டுபிடித்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களுடைய குறிப்பாணைகள், ஒன்று முதல் ஐந்து வரை.

ஐயா,

அமாவாசைதோறும் எள்ளும் தண்ணீரும் விடும்போது தகப்பனார், பாட்டனார், பூட்டனார் என்று மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொன்னால் போதும் என்று பெரியவர்கள் வகுத்து வைத்தது, சாதாரண மனிதனுடைய ஞாபக சக்தியின்மேல் அதற்கு அதிகமான பாரத்தை ஏற்றலாகாது என்னும் தயையினால்தான் என்று எழுபது வயது வரைக்கும் நம்பி நிம்மதியாக இருந்துவிட்டேன். சென்ற தை அமாவாசையன்று, பக்கத்தில் உட்கார்ந்து தர்ப்பைப் புல்லை எண்ணிக்கொண்டிருந்த என் பேத்தி, "பூட்டனாருக்கு அப்பா பேர் என்ன தாத்தா?" என்று கேட்டாள். ஓட்டன் என்னும் உறவுச் சொல் எனக்குத் தெரியும். அந்த உறவுக்கு உரியவரின் பெயர் தெரியாது. பித்ருக்களுக்குப் போதுமாயிருந்த மூன்று தலைமுறை எட்டு வயதுக் குழந்தைக்குப் போதாமற்போனதிலிருந்து தொடங்கியதுதான், தங்களுக்கும் எனக்கும் நேர்ந்துள்ள இந்தக் கடிதப் போக்குவரத்து.

எங்கள் பூட்டனார் நாகல் நகரில் ஓர் ஓட்டு வீட்டைக் கிரயம் வாங்கினார் என்பதும், அந்தக் கிரயம் முறையாக ரிஜிஸ்தர் ஆயிற்று என்பதும் குடும்பத்தில் வழிவழியாக வந்த செய்தி. அசல் பத்திரம், பாகப் பிரிவினையின்போது எந்தப் பங்காளியின் பெட்டியோடு போயிற்றோ அந்தப் பெட்டியோடு கரையானுக்குப் பாத்தியமாயிற்று. ஆனால், 'இன்ன ஊரில் இருக்கும் இன்னார் குமாரர் இன்னார்' என்று தகப்பன் பெயரைச் சொல்லாமல் அந்தக் காலத்துப் பத்திர எழுத்தர் பேனாவை நகர்த்துவதில்லை என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே பத்திரத்தின் முதல் வரியில் எங்கள் ஓட்டனார் உட்கார்ந்திருக்கிறார். பத்திரத்தின் பிரதி தங்கள் வசமுள்ள முதலாம் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. புத்தகம் தங்கள் அறைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அறையின் கதவில் எங்கள் ஊர்ப் பூட்டுத் தொங்குகிறது. பூட்டனைத் தேடி வந்தவனுக்குப் பூட்டுத்தான் தரிசனமாயிற்று.

அந்தப் பூட்டின்மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்கள் தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். பட்டறை வைத்துக் கையினால் பூட்டுச் செய்த இடங்களுள் நாகல் நகரும் ஒன்று. சாவி போட்டுத் திருகும்போது மணியடிக்கும் பூட்டு உண்டு. வேற்றுச் சாவியை உள்ளே விட்டால் அதை வெளியே விடாமல் கவ்விக்கொள்ளும் பூட்டும் உண்டு. தங்கள் அறைக்கு இந்த இரண்டாவது ஜாதிப் பூட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். ஏனெனில் நான் இதுவரை அனுப்பிய ஐந்து மனுக்களும் உள்ளே போயினவேயன்றி, கதவையும் திறக்கவில்லை, என்னிடம் திரும்பியும் வரவில்லை.

திரும்பி வந்தவை குறிப்பாணைகள் மட்டுமே. முதலாவது குறிப்பாணை, மனுவில் ஒட்டியிருக்க வேண்டிய கோர்ட்டு ஸ்டாம்பு ஒட்டப்படவில்லை என்று சுட்டிக்காட்டியது. குற்றம் என்னுடையது, ஒட்டி அனுப்பினேன். இரண்டாவது, 'நகல் நகர்' என்னும் பெயருள்ள ஊரோ தெருவோ இவ்வலுவலக எல்லைக்குள் இல்லை என்று அறிவித்தது. நகல் கேட்டு வரும் மனுக்களையே அல்லும் பகலும் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நாகலும் நகலாகத் தெரிந்ததில் வியப்பில்லை என்று தேறி, துணைக்காலைச் சிவப்பு மையால் இட்டு மறுபடியும் விண்ணப்பித்தேன்.

மூன்றாவது, என் பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துக்களில் ஒன்று ஊரின் பெயராகவும் மற்றொன்று தகப்பனின் பெயராகவும் கொள்ளப்படுவதாகவும், அப்படிப்பட்ட ஊர் ஒன்றும் ஜில்லாவில் இல்லையென்றும் ஆட்சேபித்தது. சௌராஷ்டிர தேசத்தைவிட்டுப் புறப்பட்டு, விஜயநகரத்தின் வழியாக மதுரைச் சீமைக்கு வந்து, நாயக்க மன்னர்களின் ஆதரவில் தறி போட்டவர்கள் நாங்கள். வந்த வழியில் நிலத்தைச் சுமக்க முடியாதாகையால் வீட்டுப் பெயரைச் சுமந்துகொண்டு வந்தோம். ஆகவே எங்கள் முதலெழுத்து ஊரைக் குறிப்பதன்று, குடும்பத்தைக் குறிப்பது. வம்சாவளியைத் தேடுகிறவனுக்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. தங்களுக்கோ அதைவிடச் சிறந்த ஆட்சேபணை வேறு கிடைக்கவில்லை.

நான்காவது, பத்திரம் எழுதி வாங்கியவருக்கு நான் வாரிசு என்பதற்குச் சான்று கேட்டது. வாரிசுச் சான்றுக்குப் பூட்டனாரின் மரணச் சான்று வேண்டும் என்றார்கள். மரணச் சான்று வழங்கும் இடத்தில், அவர் இறந்த தேதியைச் சொன்னால் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். தேதி தெரிந்திருந்தால் நான் ஏன் ஐயா தேடி வருகிறேன்? சென்னை ராஜதானியில் 1899-ஆம் வருஷமே ஜனன மரணப் பதிவுக்குச் சட்டம் இயற்றினார்கள். 1969-இல் தேசம் முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. ஆயினும் அந்தக் காலத்துப் புத்தகங்களில், பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு நடந்துவிடுகிற காரணத்தினால், 'ஆண் குழந்தை' என்றும் 'பெண் குழந்தை' என்றும் பிறந்து, அப்படியே பெயரில்லாமல் நின்றுவிட்டவர்கள் அநேகர். இந்தச் சுற்றில் மூன்று மாதம் சுற்றியபின், ஸ்தாவர சொத்துக்களைப் பற்றிய முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்திய எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்று 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு கூறுவதை ஒரு பழைய பத்திர எழுத்தர் எனக்கு எடுத்துச் சொன்னார். வாரிசாக இருக்க வேண்டியதில்லை, வழிப்போக்கனாக இருந்தாலே போதும் என்பதை அறிந்து, வழிப்போக்கனாக ஒரு மனு எழுதினேன்.

அதற்கு வந்த ஐந்தாவது குறிப்பாணையை என் அறிவுக்கு எட்டிய தத்துவ நூல்கள் அனைத்திற்கும் மேலாக வைத்து மதிக்கிறேன். கோரப்பட்ட புத்தகம் தொட்டால் பொடியாகிவிடும் நிலையில் இருப்பதால் அதைத் தொட இயலாது என்றும், தொடாதிருக்கும்வரை அது பத்திரமாக இருக்கிறது என்றும் அதில் கண்டிருந்தது. நாகல் நகரில் பாவு நூல் இற்றுப்போனால் அதைப் பிரித்துப் பார்த்து, இற்ற இடத்தைக் கிள்ளி, புது நூலை இணைத்து முறுக்கி, மறுபடியும் தறியில் ஏற்றுவோம். இற்றுப்போய்விட்டதே என்று பாவைச் சுருட்டிப் பரணில் வைத்துவிட்டு, நூல் பத்திரமாக இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் எங்களுக்குக் கூலி கிடைத்திராது.

தங்கள் சிரமத்தை நான் உணராதவன் அல்லன். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, அதிகாரம் மட்டும் அதன் தலைமேல் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தால் பதிவுக் கட்டுக்கள் என்ன செய்யும்? 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையினால் திண்டுக்கல் சீமை திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. 1866-இல் ஊர் முனிசிபாலிட்டி ஆயிற்று. 1985-இல் மதுரையிலிருந்து பிரிந்து தனி ஜில்லாவாகி, சில வருஷங்களுக்குள்ளேயே ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களைச் சூடிக் களைந்தது. 2014-இல் மாநகராட்சி ஆயிற்று. இதற்கு நடுவே 1980-இல் பரம்பரைக் கர்ணங்களின் உத்தியோகம் ஒழிந்தது. 1979 முதல் 1987 வரைக்கும் நிலவுடைமைப் பதிவுகளை மேம்படுத்துகிறோம் என்று நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில், தகப்பன் மகனாகியும் அண்ணன் தம்பியாகியும் பட்டாவில் புனர்ஜன்மம் எடுத்தார்கள். ஒவ்வொரு பிரிவினையிலும் கட்டுக்கள் அங்கே போய்விட்டன என்று ஓர் அலுவலகம் சொல்ல, அங்கிருந்து வரவே இல்லை என்று மற்றோர் அலுவலகம் சொல்ல, நடுவழியில் எந்த மாட்டுவண்டியில் எங்கள் வம்சம் இன்னும் பிரயாணம் செய்துகொண்டிருக்கிறதோ அறியேன்.

பிரயாணம் என்றதும் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. 1860-ஆம் வருஷம் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது முதல் 1911 வரைக்கும், இந்தியாவிலிருந்து நேட்டாலுக்குப் போன ஏறக்குறைய 1,52,000 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். மொரீஷியஸ் தீவில் மோக்கா என்னும் ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்திலோ, குடியேறிய கூலிகள் பலரின் புகைப்படங்களையுமே பாதுகாத்து வருகிறார்கள். சந்ததியார் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள். தோட்ட முதலாளி தன் உடைமையை எண்ணி வைத்த கணக்கு அது என்பதை நான் மறந்துவிடவில்லை. எனினும், பஞ்சத்துக்கு அஞ்சிக் கடல் கடந்த தம்பியின் முழங்கால் தழும்புவரைக்கும் ஆதாரம் இருக்க, ஊரைவிட்டு அசையாமல் தறிக்குழியில் கால் வைத்து உழைத்து வரி செலுத்திய அண்ணனுக்குப் பெயரளவுக்குக்கூட ஆதாரம் இல்லாமற்போயிற்று. என் ஓட்டனாருக்குக் கப்பல் ஏறும் புத்தி வந்திருந்தால், என் பேத்தியின் கேள்விக்கு அரை நாளில் விடை கிடைத்திருக்கும்.

இதையெல்லாம் எண்ணி மனம் கசந்து சென்னைப் பட்டணத்துக்கும் ஒரு முறை போனேன். 1805-இல் வில்லியம் பெண்டிங்க் பிரபு கோட்டைக்குள் ஒரே இடத்தில் சேர்க்கச் செய்த தஸ்தாவேஜுகளும், 1670-ஆம் வருஷத்திலிருந்து தொடங்கும் கம்பெனிக் காகிதங்களும், 1909-இல் எழும்பூரில் எழுந்த சிவப்புக் கட்டடத்தில் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, வாசலில் நின்று கும்பிட்டேன். கம்பெனியார் நெசவாளியைத் துணிக் கணக்காகவும் முன்பணக் கணக்காகவும் அறிந்தவர்கள். அவர்களிடம் என் பாட்டனைக் கேட்டால் கெஜக்கோலைத்தான் காட்டுவார்கள். 1896-இல் திறந்த கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து, 1906-ஆம் வருஷத்து மதுரை ஜில்லா கெஜட்டியரையும், தென்னிந்திய ஜாதிகளைப் பற்றி 1909-இல் வெளியான தர்ஸ்டன் துரையின் ஏழு பாகங்களையும் புரட்டினேன். துரை ஜாதிவாரியாக மனிதர்களின் மூக்கை அளந்தவர். மூக்கின் அகலமும் உயரமும் பதிவாகியிருக்கின்றன. மூக்குக்கு உரியவரின் பெயர் பதிவாகவில்லை. ஜனத்தொகைக் கணக்கிலோ 1881 முதல் 2011 வரைக்கும் பத்து வருஷத்துக்கு ஒரு தரம் வீடுவீடாக வந்து எண்ணினார்கள். தொகையை அச்சிட்டுவிட்டு, பெயர் எழுதிய சீட்டுக்களை அழித்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1921-ஆம் வருஷத்துச் சீட்டுக்களை நூறு வருஷம் பூட்டி வைத்திருந்து, 2022-இல் பேரன்மாருக்குத் திறந்துவிட்டார்கள். பூட்டுவதில் நாம் அவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர். திறப்பதற்கு ஒரு தேதி குறிப்பதில்தான் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

ஆயினும் பட்டணத்தில் ஒரு நல்ல காரியமும் கண்டேன். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த, கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா செட்டியார் என்பவர், புத்தகங்களோடு நில்லாமல் கலியாணப் பத்திரிகைகளையும் நாடக நோட்டீசுகளையும்கூடச் சேர்த்து, ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகளைத் தம் வீட்டிலேயே வைத்துக் காத்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகத்தார் வாங்கி, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். கலியாணப் பத்திரிகை என்பது என்ன? இன்னார் பேரனும் இன்னார் குமாரனும் என்று மூன்று தலைமுறையை ஒரே மூச்சில் சொல்லி, தேதியும் ஊரும் போட்டு, அச்சிட்டு வழங்கும் ஆவணம். வாசகரின் நேரத்தை வீணாக்கலாகாது என்று 1931-லேயே நூலக விதி வகுத்த எஸ்.ஆர். ரங்கநாதன் இந்தத் தமிழ்நாட்டவர்தாம். பதிவறைக்கும் அவர் ஒரு விதி வகுக்காமற்போனது என் போன்றோரின் துர்பாக்கியம்.

சட்டத்தையோ கட்டணத்தையோ மாற்றும்படி நான் கேட்கவில்லை. பூட்டியாரின் பெயரைக் கேட்கவும் துணியவில்லை. நிலம் வாங்காமலும் கடன் படாமலும் பிள்ளை பெற்று, பாவு ஓட்டி, நூல் சுற்றி மறைந்த ஒரு ஸ்திரீயைத் தாங்கள் எந்தப் புத்தகத்தில் தேடுவீர்கள்?

ஆனால் நேற்று இரவு என் பேத்தி தங்களுடைய ஐந்து குறிப்பாணைகளையும் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான்காவது குறிப்பாணையில், மனுதாரர் இன்னார், அவர் தகப்பனார் இன்னார், பாட்டனார் இன்னார், பூட்டனார் இன்னார் என்று நான்கு தலைமுறையையும் பிழையில்லாமல் எழுதி, தேதியிட்டு, கையொப்பமிட்டு, முத்திரையும் வைத்து, இவர்களுக்குள் உள்ள உறவுக்கு ஆதாரம் இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். எங்கள் வம்சத்தின் நான்கு பெயர்கள் ஒரே தாளில் அரசாங்க முத்திரையோடு நிற்பது இதுவே முதல் தடவை. இதைக் கரையானுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆகையால் தங்கள் கோப்பிலுள்ள அலுவலகப் பிரதியிலிருந்து அதற்கு ஒரு சான்றிட்ட நகல் வழங்கும்படி இதன்மூலம் விண்ணப்பிக்கிறேன். உரிய ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறேன்.

இந்த மனுவை என் பேத்தியும் நானுமாகச் சேர்ந்தே சமர்ப்பிக்கிறோம். அவள் கையொப்பம் கீழே, என் கையொப்பத்துக்குப் பக்கத்தில், பென்சிலில் இருக்கிறது. ஆகவே இதையும் மறுத்துத் தாங்கள் அனுப்பப்போகும் ஆறாவது குறிப்பாணையில், தயவுசெய்து அவள் பெயரையும் சேர்த்து எழுதி மறுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த,
நாகல் நகர்வாசி