தண்ணீர் கேன் தானாக வரும் என்னும் கொள்கை: ஒரு மறுப்பு

சென்னைப் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஸ்டார்ட்அப் அலுவலகங்களில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: அங்கே எல்லாம் தாமாகவே நிகழ்கின்றன. அவர்களுடைய பேச்சே சான்று. 'கேன் வந்துடுச்சு', 'ஏசி சரியாயிடுச்சு', 'டிக்கெட் கிடைச்சுடுச்சு'. வினை உண்டு; வினை செய்தவர் இல்லை. 20 லிட்டர் கேன் மாடிப்படி ஏறி வந்து, தன் மூடியைத் தானே பிய்த்துக்கொண்டு, டிஸ்பென்சர் மேல் தலைகுப்புறக் கவிழ்ந்துகொள்கிறது என்றே மென்பொருள் எழுதுவோர் கருதுவதாகத் தெரிகிறது. இக்கொள்கையைச் சோதிப்பதே நம் நோக்கம்.

தானாகத் தோன்றும் என்ற எண்ணம் அறிவியலுக்குப் புதிதல்ல. அழுகிய இறைச்சியில் புழு தானே பிறக்கும் என்று ஐரோப்பா நெடுநாள் நம்பியது. பிரான்செஸ்கோ ரெடி என்ற இத்தாலியர் சில ஜாடிகளைத் திறந்தும் சிலவற்றைத் துணியால் மூடியும் வைத்தார். ஈ உட்காராத இறைச்சியில் புழு வரவில்லை என்று 1668-இல் எழுதினார். ஈயை விலக்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதே அவர் முறை. அதையே இங்கும் கைக்கொண்டோம். (ஒப்புமை மரியாதைக் குறைவானது. முறை பழுதற்றது.)

ஆய்வுக்குரிய அலுவலகத்தில் ஆபீஸ் மேனேஜரும், நிறுவனரின் எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட்டும் ஒரே பெண்மணி. பதவி இரண்டு, நாற்காலி ஒன்று, சம்பளமும் ஒன்று. அவர் சித்தப்பா மகள் கல்யாணத்துக்குக் கும்பகோணம் போனார். ஜாடி மூடப்பட்டது.

காலை பத்தரைக்குத் தண்ணீர் தீர்ந்தது. கேன்காரரின் எண் யாரிடமும் இல்லை. அது அந்த அம்மாளின் போனில் 'கேன் அண்ணா புது நம்பர்' என்ற பெயரில் இருந்தது. பதினொன்றுக்கு டீ போடும் அக்கா வந்து, "பால் நீலமா பச்சையா?" என்று கேட்டார். பொறியியல் பட்டதாரிகள் நால்வர் கூடி ஆலோசித்து ஆரஞ்சு ஆவின் வாங்கி வந்தார்கள். டீ பாயசம் போல இருந்தது. பன்னிரண்டு மணிக்கு முதலீட்டாளரின் கார் கேட்டில் நின்றது. வண்டி எண் முன்கூட்டியே தரப்படவில்லை என்று செக்யூரிட்டி விடவில்லை. நிறுவனரே இறங்கிப் போய், தான் நிறுவனர் என்று நிறுவ வேண்டியதாயிற்று. மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் 'இது யார் பார்ப்பாங்க?' என்ற கேள்வி பலமுறை எழுப்பப்பட்டு, ஒவ்வொரு முறையும் கட்டைவிரல்களை மட்டுமே பெற்றது.

அற்றேல், இது தற்செயல் ஆகாதோ எனின், ஆகாது. என்னை? ஊரிலிருந்து திரும்பிய அவர் கைப்பையைக் கீழே வைக்குமுன் போனில் "அண்ணா, ரெண்டு கேன்" என்றார். டீ ஆறுமுன் இரண்டும் வந்தன ஆகலின்.

கேன் கண்ணுக்குத் தெரியும் பொருள். நுட்பமான பொருள்களுக்கு வருவோம். அவருடைய இழுப்பறையில், நகைக்கடையில் கொடுத்த சின்னப் பர்ஸுக்குள், நிறுவனர்கள் இருவரின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களும் உறங்குகின்றன. இரண்டும் ஒரே அச்சு. அடையாளத்துக்கு ஒன்றின்மேல் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அந்தக் கையொப்பத்துக்கான சாவியை உரியவரே கவனமாகத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம். உரியவர்களோ தங்கள் வீட்டுச் சாவியையே வாரம் ஒருமுறை இவரிடம் கேட்பவர்கள். அந்தப் பர்ஸ் தொலைந்தால் கம்பெனி கையெழுத்திழந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியாது. தெரிந்தால் தூக்கம் கெடும் என்று அவரும் சொல்லவில்லை.

டோக்கனாவது கைவசம் இருக்கிறது. ஓடிபி அப்படியல்ல, அது நிறுவனரின் போனில்தான் பிறக்கும், சில நிமிடங்களில் மாயும். மாதம் ஏழாம் தேதி நிகழும் உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறோம்:

"சார், ஒரு ஓடிபி வரும். சொல்றீங்களா?"

"எதுக்கும்மா?"

"டிடிஎஸ் சார். இன்னைக்குக் கடைசி நாள்."

"ஆங்... நாலு, ஒண்ணு, ஏழு..."

"சார், அது ஸ்விகி."

பார்க்காமலே அது ஸ்விகி என்று எப்படித் தெரிந்தது? இதற்கு வள்ளுவரிடம் போக வேண்டும். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உண்டு: பொருட்பாலில் 71, காமத்துப்பாலில் 110. இவருக்கு வேண்டியது முன்னது. பின்னதை அலுவலகத்தில் முயன்று யாரேனும் தொல்லை தந்தால் விசாரிக்க, 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தக் குழு கூட அறை ஒதுக்குபவரும் இவர்தான்.

இப்பதவி சிலிக்கான் பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. சோழர் ஆட்சியில் மன்னன் வாயால் சொன்னது திருவாய்க்கேள்வி. அதை ஓலையில் ஏற்றியவர் திருமந்திர ஓலை. சரிபார்த்து ஒப்பமிட்டவர் திருமந்திர ஓலைநாயகம். நம் நிறுவனரும் லிஃப்டுக்காகக் காத்திருக்கும்போது, "வெள்ளிக்கிழமை எல்லாரும் வெளியே சாப்பிடலாம்" என்று திருவாய் மலர்கிறார். சைவம் எத்தனை, ஜெயின் எத்தனை, யாருக்கு நிலக்கடலை ஆகாது, வேன் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதாக அவர் எண்ணம். பல அதிகாரிகள் பார்த்த வேலையை ஒருவர் பார்க்கிறார். முதலாம் ராசராசனின் ஆனைமங்கலச் செப்பேட்டில் ஓலை எழுதியவர் பெயரும் ஓலைநாயகங்கள் பெயரும் இருக்கின்றன. இவர் பெயர் மின்னஞ்சலில் சிசியில் இருக்கிறது.

இனி மதிப்பீடு. ஆண்டு முடிவில் எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: 'நீங்கள் ஏற்படுத்திய தாக்கத்தை எண்களில் தருக.' விற்பனைக்காரர் விற்றதை எழுதலாம். இவர் எதை எழுதுவார்? நிற்காத மின்சாரத்தையா, தவறாத விமானத்தையா, அபராதம் விழாத ஏழாம் தேதிகளையா? நடக்காதவற்றை எண்ண அந்த எக்செல் தாளில் நிரல் இல்லை. போன ஆண்டு அவர் 'ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

ஊதிய உயர்வுக் கடிதங்களை அச்சிட்டு, கையெழுத்து வாங்கி, உறையிலிடுவதும் அவர் வேலையே. அவருடைய கடிதமும் அந்தக் கட்டில்தான் இருக்கும். பிறகு நிறுவனர் அவரை அறைக்குள் அழைத்து, அவர் கையாலேயே ஒட்டிய உறையை நீட்டி, "பிரிச்சுப் பாருங்க, சர்ப்ரைஸ்" என்பார். அவர் பிரித்துப் பார்த்து, போதுமான அளவு வியப்பார்.